பாதி பழையது, பாதி புதியது

அபிசாய் எங்கள் நிறுவனத்தில் சேருவதற்கு முன்பெல்லாம், கான்ஃபிக் மாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் நான் காலையிலேயே தொண்டைக்கு வெந்நீர் குடித்துவிட்டுத்தான் இருக்கையில் உட்காருவேன். திட்டு வாங்குவது என் வேலை. பிஜியில், சுவா துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். வெளித்தீவுகளில் இருக்கும் சுகாதார நிலையங்கள், பள்ளிக்கூடங்கள், கப்பல் டிக்கெட் கொடுக்கும் இடங்கள், எல்லாருடைய இணையப் போக்குவரத்தும் எங்கள் பிராக்ஸி சர்வர் வழியாகத்தான் போய்வரும். யார் வந்தால் எங்கே அனுப்புவது, யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்ற விவரமெல்லாம் அந்த சர்வரின் கான்ஃபிக்கில் இருக்கும். அதில் ஒரு வரி மாற வேண்டுமென்றால்கூட சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்புவார்கள். அப்போது யார் யார் பேசிக்கொண்டிருந்தார்களோ அத்தனை பேருக்கும் தொடர்பு அறுந்துபோகும். அறுந்தவர்கள் அத்தனை பேரும் அடுத்த நிமிஷம் என்னைக் கூப்பிடுவார்கள்.

அபிசாய் வந்த வருஷமே அதற்கு முடிவு கட்டினான். அவன் செய்தது என்னவென்று எனக்கு ஒருநாள் ரொட்டி தின்றுகொண்டே சொன்னான்.

"இப்ப ஓடுற கான்ஃபிக்க தொடவே கூடாது, அஷ்னி. பக்கத்துல புதுசா ஒண்ணு முழுசா எழுதணும். எழுதினத சோதிக்கணும். எல்லாம் சரின்னு தெரிஞ்சப்புறம், சர்வர்கிட்ட, இனிமே இதைப் பாருன்னு ஒரே ஒரு தடவை கைகாட்டணும். அவ்வளவுதான்."

"அப்ப ஏற்கனவே பேசிக்கிட்டிருக்கிறவங்க?"

"அவங்க பழசையே பார்த்துக்கிட்டு பேசி முடிக்கட்டும். கடைசி ஆள் போனப்புறம்தான் பழசத் தூக்கிப் போடுவோம். ஒருத்தனுக்கு முழுப் பழசு கிடைக்கும், இல்ல முழுப் புதுசு கிடைக்கும். பாதி பழசு, பாதி புதுசு யாருக்கும் கிடைக்காது."

இன்னொரு விதியும் வைத்தான். ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் படித்துப் பார்த்துச் சம்மதம் கொடுக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் எதுவும் மாறாது. அந்த இரண்டாவது ஆள் சாகியூசா.

சாகியூசா அபிசாயின் தாய்மாமன் மகன். போதாக்குறைக்கு அபிசாயின் தங்கை லைசானியைக் கட்டியவன். பிஜிக்காரர்களில் மச்சான் முறை என்றால் எப்படி என்று தெரியுமல்லவா, எதை வேண்டுமானாலும் சொல்லிக் கேலி செய்யலாம், கோபப்படக் கூடாது. அந்த இரண்டு பேரும் அந்த உரிமையைக் காலை முதல் மாலைவரை செலவழித்தார்கள்.

"வாடா கடலாமை. பஸ் கிடைச்சுதா, இல்ல நீந்தி வந்தியா?"

"உன் தங்கச்சி சமையலத் தின்னுட்டு நீந்த முடியுமாடா? முழுகித்தான் போவேன்."

எனக்குச் சிரித்துச் சிரித்து ஃபோனில் பேச வராது. எங்கள் மேலாளர் ரவினேஷ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முறைப்பார். சாகியூசாவை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே அபிசாய்தான். ரவினேஷிடம் போய், "இவன் வேகமானவன், நான் மெதுவானவன், ரெண்டு பேரும் இருந்தா சரியா இருக்கும்" என்று சொல்லிக் கூட்டிவந்தான். இரண்டு வருஷம் சரியாகத்தான் இருந்தது. எனக்கு அழைப்புகள் குறைந்து, பகலில் பின்னல் வேலைகூடச் செய்தேன்.

அப்புறம் சுற்றுலா விடுதிக்காரர்கள் வந்தார்கள். நாண்டி பக்கம் அவர்களுக்குப் பெரிய பெரிய விடுதிகள். அவர்களுடைய முன்பதிவுப் பக்கங்களை எங்கள் சர்வர் வழியாகக் கொண்டுவர வேண்டும் என்று ரவினேஷ் பல மாதம் அலைந்து பிடித்த வாடிக்கையாளர். ஒருநாள் காலை அவர்களில் இரண்டு பேர் எங்கள் கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். எப்போது தொடங்கும், எப்போது தொடங்கும் என்று கேட்டபடி இருந்தார்கள். அபிசாய் அன்று அரைநாள் விடுப்பு. அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தான்.

ரவினேஷ் சாகியூசாவின் மேஜைக்கு வந்து குனிந்து ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். சாகியூசா தலையைச் சொறிந்தான். பிறகு கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அதில் எனக்கு அப்போது விசேஷமாக எதுவும் தோன்றவில்லை.

முதல் அழைப்பு ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து. "டீச்சருங்க பக்கத்தத் திறந்தா கப்பல் டிக்கெட் வருதும்மா." அடுத்தது கப்பல் டிக்கெட்காரர். அவருக்கு ஏதோ ஒரு மருத்துவமனைப் பக்கம் வந்ததாம். மூன்றாவதாகக் கண்டாவுத் தீவின் ஒரு சிறிய சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வாசிதி கூப்பிட்டாள். அவள் குரல் எனக்குப் பழக்கம். எப்போதும் முதலில் என் குழந்தைகளை விசாரிப்பாள். அன்று விசாரிக்கவில்லை.

"டாக்டர் எங்க? இப்பத்தான் ஸ்கிரீன்ல இருந்தாரு. குழந்தையோட தல வந்துருச்சு, தோள்பட்டை மாட்டிக்கிச்சு. அவர் சொல்லச் சொல்ல நான் செஞ்சுக்கிட்டிருந்தேன். இப்ப என் ஸ்கிரீன்ல நீச்சல்குளம் தெரியுது. ரெண்டு பேர் இளநி குடிச்சுக்கிட்டிருக்காங்க. டாக்டரக் கொண்டாங்க."

நான் ஒரு காதில் அவளை வைத்துக்கொண்டு இன்னொரு ஃபோனில் மருத்துவரைத் தேடினேன். அவரோ தன் பக்கத்தில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரைப் பிடித்து, இரண்டு ஃபோன்களையும் வாயும் காதுமாக ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்வது அவளுக்கும், அவள் சொல்வது அவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டது. நடுவில் அந்தப் பெண் கத்தியது மட்டும் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. குழந்தை பிறந்தது. அழுதது. ஆனால் வலது கையை அசைக்கவில்லை என்று வாசிதி சொன்னாள்.

அதற்குள் சர்வர் சரியாகிவிட்டது. கூட்ட அறையில் விடுதிக்காரர்கள் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் அபிசாய் வந்தான். யாரோ வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும், படியில் ஓடிவந்த மூச்சு அடங்கவில்லை. சாகியூசா இடத்தில் இல்லை. அபிசாய் நேராக என்னிடம் வந்து, யார் யார் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவரும் என்ன பார்த்ததாகச் சொன்னார்கள் என்று கேட்டான். சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குக் கப்பல், கப்பலுக்கு மருத்துவமனை, கண்டாவுக்கு விடுதி. அவன் என் மேஜை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒவ்வொருத்தனுக்கும் அடுத்த வரிக்காரனோட முகவரி போயிருக்கு," என்றான். "பேரு பழசு, முகவரி புதுசு. ஓடிக்கிட்டிருந்ததுலயே யாரோ நடுவுல ஒரு வரியச் செருகியிருக்காங்க. செருகி முடிக்கிறதுக்குள்ள உள்ள வந்தவனெல்லாம், ஏற்கனவே பேசிக்கிட்டிருந்தவன்கூட, பாதியத்தான் படிச்சிருக்கான்."

"நீ வச்ச வழியில தப்பு வந்திருக்காதா?"

"அதுல பாதி வரவே வராது, அஷ்னி. வராமப் பண்றதுதானே அது." பிறகு சாகியூசாவின் காலி நாற்காலியைப் பார்த்து, "யூசா எங்க?" என்றான்.

யூசா கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தான். இருவரும் பேசியதை அபிசாய் அன்றே எனக்குச் சொன்னான். சாகியூசா மறைக்கவில்லையாம்.

"ஆமா, நான்தான். அவனுங்க உள்ள உக்காந்திருக்கானுங்க. ரவினேஷ் அவரோட பாஸ்வேர்டையே கொடுத்துட்டாரு, அதுக்கு ரெண்டாவது ஆள் சம்மதம் வேணாம். உன்னைக் கூப்பிட்டா நீ எழுதணும், சோதிக்கணும், சாயங்காலம் ஆகும்னு சொல்லுவ. ஒரே ஒரு வரிதானே மச்சான். ஒரு நிமிஷத்துல முடிச்சிடலாம்னு நெனச்சேன்."

"கண்டாவுல குழந்தைக்குக் கை அசையல."

"தெரியும்." சாகியூசா அழுதானாம். "நாளைக்கு கூட்டத்துல நானே சொல்லிடறேன். நீ ஒண்ணும் பேசாத. நான் சொன்னாத்தான் சரி."

அபிசாய் அதை நம்பினான். என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூட இருந்தது. தப்பு செய்துவிட்டான், ஆனால் ஆம்பிளையாக ஒத்துக்கொள்ளப்போகிறான், அதுதான் என் மச்சான் என்பது போல.

அடுத்த நாள் கூட்டத்துக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். அழைப்புகளை எடுத்தவள் என்பதால் என்னையும் உட்காரவைத்தார்கள். என்ன நடந்தது என்று அந்த அம்மாள் கேட்டார். ரவினேஷ் சாகியூசாவைப் பார்த்தார். சாகியூசா மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நாங்க வழக்கமா பயன்படுத்துற முறையிலதான் மாத்தினோம். அது புதுசப் பாதி எடுத்து வச்சப்பவே கைமாத்திடுச்சு போல. அந்த முறையில ஒரு ஓட்டை இருந்திருக்கு. இத்தன நாள் வெளிய தெரியல."

அபிசாய் ஒரு தடவை காதைத் தேய்த்துக்கொண்டான், சரியாகக் கேட்கவில்லை என்பது போல. பிறகு, "யூசா, நேத்து கீழ என்கிட்ட என்ன சொன்ன?" என்றான்.

"என்ன சொன்னேன்?"

"நேரடியா கை வச்சேன்னு சொன்ன. ரவினேஷ் பாஸ்வேர்ட் கொடுத்தார்னு சொன்ன."

சாகியூசா அப்போதுதான் தலையைத் தூக்கினான். அபிசாயின் கண்ணைப் பார்த்தே சொன்னான்: "நான் அப்படிச் சொல்லலையே, மச்சான்."

ரவினேஷ் சிரிக்க முயன்றார். "ஒருத்தர் எழுதினதுல தப்பு இருக்குன்னா, அவர் எப்படி ஒத்துக்குவார், மேடம்? மனுஷங்க இயல்பு அது."

அபிசாய் விளக்கிப் பார்த்தான். அவனுடைய வழியில் மாற்றினால் யார் எழுதியது, யார் சம்மதித்தது எல்லாம் பதிவாகியிருக்கும், அன்று எதுவுமே பதிவாகவில்லை, அதுவே சாட்சி என்றான். பாதியில் விழுந்த முறை எதைப் பதிவு செய்யும் என்று ரவினேஷ் திருப்பிக் கேட்டார். வந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எங்கள் சர்வரைப் பற்றி என்ன தெரியும்? விசாரணை முடியும்வரை அபிசாய் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது. நான் கேட்ட அழைப்புகளைச் சொன்னேன். அடுத்த வரி முகவரி விஷயத்தையும் சொன்னேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அபிசாய் தன் கோப்பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். சாகியூசா வழியில் நின்றுகொண்டிருந்தான். அபிசாய் அவனைச் சுற்றிக்கொண்டு போனான், ஏதோ நாற்காலியைச் சுற்றிப் போவது போல.

அந்த வாரக் கடைசியில் அபிசாயின் அப்பா வீட்டுக்கு மாமன் வந்தார். சாகியூசாவின் அப்பா, அபிசாயின் அம்மாவுக்கு அண்ணன். கூடவே அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள். வெள்ளிக்கிழமை அபிசாய் ஃபோன் செய்து என்னையும் வரச் சொல்லியிருந்தான். "நீ கூட்டத்துல இருந்தவ. மாமன் கேட்டா என்ன நடந்ததுன்னு சொல்லணும்" என்றான். நான் போய் வாசல் பக்கம் பெண்களோடு பாயில் உட்கார்ந்தேன்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மாமன் கையில் தம்புவா இருந்தது. தென்னங்கயிறு கட்டிய திமிங்கலப் பல், பழுப்பேறி எண்ணெய் பளபளப்போடு. மன்னிப்பு கேட்க அதற்கு மேல் ஒரு பொருள் கிடையாது. தலை நரைத்த மனிதர், முட்டி போட்டு, அதை இரண்டு கையிலும் ஏந்திப் பேசினார். பிள்ளைகளுக்குள் வேலை செய்யும் இடத்தில் ஒரு மனத்தாங்கல் வந்துவிட்டது, அது மண்ணோடு புதைந்துபோகட்டும் என்றார். சாகியூசா பின்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

தாய்மாமன் முட்டி போடும்போது மறுக்கிற மருமகன் யார்? அபிசாயின் அப்பா அவனைப் பார்த்தார். அவன் தலையசைத்தான். அவர் பல்லை வாங்கிக்கொண்டார். வழக்கப்படி கை தட்டினார்கள். யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்தார்கள், கோப்பை சுற்றி வந்தது. அபிசாய் குடித்துவிட்டு எழுந்துபோய்ச் சாகியூசாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்குக் கேட்கும் தூரம்தான்.

"வாங்கிக்கிட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கல. திங்கக்கிழமை போய் சொல்லிடு."

"என்னத்த?"

"நடந்தத."

சாகியூசா அவனை ஏதோ குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தான். "மச்சான், அதைப் பேச வேணாம்னுதானே இதக் கொண்டாந்தோம். நீ வாங்கிட்ட. இனி அந்தப் பேச்சே கிடையாது."

அபிசாயின் முகம் அந்த இடத்திலேயே மாறிப்போனதை நான் பார்த்தேன். கூட்டத்தில் சாகியூசா பொய் சொன்னபோதுகூட அவன் முகம் இப்படி ஆகவில்லை. அது பயந்தவன் சொன்ன பொய் என்று அவன் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தான். இது அப்படியல்ல. அவனால் மறுக்க முடியாதது எதுவென்று நன்றாகத் தெரிந்த ஒருவன், அதைத் தேடி எடுத்துவந்து, அவன் கையிலேயே கொடுத்து வாயைக் கட்டியிருக்கிறான். வாங்கிய பல்லுக்குப் பிறகு அந்த விஷயத்தைக் கிளப்பினால் அவமானப்படுவது சாகியூசா அல்ல, முட்டி போட்ட மாமன்.

அவன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனான். நான் பின்னால் போவதற்குள் லைசானி போய்விட்டாள். அவர்கள் குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் வயதுக்கு வந்தபின் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மா வழியாகத்தான் போகும். அவள் அன்று நேராகப் பேசினாள். மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில், அவன் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டு.

"அண்ணா, மாமாகிட்ட அந்தப் பல்லக் கேட்டு அழுதது நான். உங்க ரெண்டு பேரையும் சேத்து வைக்கிறேன்னு நெனச்சேன். உங்கள வீட்டுக்கு அனுப்பினது, அவர் கூட்டத்துல சொன்னது, எதுவும் எனக்குத் தெரியாது. இப்பத்தான் உள்ள பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க."

அபிசாய் ஒரு மரவள்ளி இலையைக் கிள்ளினான்.

"ஆனா ஒண்ணு," என்றாள். "நம்ம வீட்டுக்குத்தான் பல்லு கொடுத்தாங்க. கை அசையாத குழந்தையோட வீட்டுக்கு யாரு என்ன கொடுத்தாங்க?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கப்பலில் அபிசாய் கண்டாவுக்குக் கிளம்பினான். வாசிதிக்கு என் குரல்தான் தெரியும் என்பதால் என்னையும் கூப்பிட்டான். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் கடல் குலுக்கியதில் நான் பையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன், அவன் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தான்.

நான் 'புலா' என்று வணக்கம் சொன்னதுமே வாசிதிக்கு என்னை யாரென்று தெரிந்துவிட்டது. கட்டிக்கொண்டாள். அபிசாயைக் காட்டினேன். குழந்தையும் தாயும் அன்று அங்கேதான் இருந்தார்கள், கைக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்தார்கள். குழந்தையின் வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. விரல்கள் மட்டும் லேசாக மடங்கின. நாளாக நாளாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றாள் வாசிதி. அந்தப் பெண் எங்களை யாரென்று கேட்கவில்லை, சிரித்தாள்.

அபிசாய் தரையில் உட்கார்ந்து, அந்தத் தாயிடமும் வாசிதியிடமும் நடந்ததைச் சொன்னான். ஓடிக்கொண்டிருந்ததில் கை வைத்ததால் வந்தது, வைத்திருக்கவே கூடாது, தவிர்த்திருக்கலாம், எங்கள் அலுவலகம் செய்த தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். கை வைத்தது யாரென்று சொல்லவில்லை.

வாசிதி குழந்தையின் கையை நீவிக்கொண்டே கேட்டாள். "கை வச்சது நீங்களா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

அவன் குழந்தையின் விரல்களைப் பார்த்தபடி இருந்தான். அவனுக்குள் மாமன் முட்டி போட்டு நின்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

"பேரு தெரிஞ்சு எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல," என்றாள் வாசிதி. "ஆனா நாளைக்கு நான் இதே ஸ்கிரீன் முன்னால இன்னொரு பொம்பளைய வச்சுக்கிட்டு நிக்கணும். அப்ப அங்க உக்காந்திருக்கப்போறது அதே ஆளா?"

எனக்கு யாரும் பல் கொடுக்கவில்லை. நான் சொன்னேன். சாகியூசாவின் பெயர், ரவினேஷின் பெயர், விடுதிக்காரர்கள் உட்கார்ந்திருந்தது, கூட்டத்தில் சொன்ன பொய், எல்லாம். அபிசாய் என்னைத் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசிதி சும்மா இருக்கவில்லை. மருத்துவரிடம் பேசினாள், மருத்துவர் சுகாதாரத் துறையில் பேசினார். இந்த முறை சர்வர் தெரிந்த ஒருவரை அனுப்பினார்கள். அவர் வந்து, அபிசாயின் வழியை எத்தனையோ விதமாக உடைக்கப் பார்த்தார். பாதி பழசு பாதி புதுசு ஒரு தடவைகூட வரவில்லை. ரவினேஷ் வேலையை விட்டுப் போனார். சுகாதார நிலையங்கள் வேறு நிறுவனத்துக்கு மாறின, அந்த நிறுவனம் அபிசாயை எடுத்துக்கொண்டது. சாகியூசாவை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை, மேலாளர் சொன்னதைச் செய்தவன் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு எதிரே அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். என்னோடு பேசுவதில்லை.

போன மாதம் மார்க்கெட்டில் அபிசாயைப் பார்த்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, இன்னும் ஏன் இப்படி வாடிப்போயிருக்கிறாய் என்று கேட்டேன். கீரைக் கட்டைப் புரட்டிக்கொண்டு நின்றான்.

"நீ சொன்ன. நர்ஸ் சொன்னாங்க. வந்தவர் சொன்னாரு," என்றான். "அவன் இன்னும் சொல்லல, அஷ்னி."